அம்மாளாச்சிக்கு விற்ற பிள்ளை

12 யூன் 2024

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வட்டக்கச்சி முழுக்க வயலில்தான் நிற்கிறது. என் மகள் சாரங்காவும் வரம்பில் கொஞ்சம் ஓடினாள். உடனே உதடு நீலமாகிக் குந்திவிட்டாள். மூன்று வயது.

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து போன். இதயத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்க, அடுத்த மாதம் பதினாறாம் திகதி. 'ஓம்' என்று சொல்லிவிட்டேன்.

14 யூன், வெள்ளி

ஞானேஸ்வரி மாமியின் யோசனை. "பிள்ளையை அம்மாளாச்சிக்கு வித்து வாங்கு. கண்டம் கழியும்."

அம்மன் கோயிலில் ஐயர் சாரங்காவை வாங்கிச் சந்நிதியில் இருத்தினார். விலையாக ஒரு பிடி அரிசியை என் சேலைத் தலைப்பில் போட்டார். நான் கொண்டுபோன நெல்லைக் கொடுத்து உடனேயே வாங்கிவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"இப்ப வேண்டாம் ஐயா. ஒப்பரேசன் முடியட்டும். அதுவரைக்கும் அவள் அம்மாளாச்சியின்ரை பிள்ளை."

ஐயர் திகைத்துப்போனார். "அப்ப நீங்கள் வளர்க்கிற தாய்தான்" என்று சொல்லிப் பிள்ளையைத் தந்தார்.

என் பிள்ளை என்றால் கத்திக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. தன் பிள்ளையை அம்மாளாச்சியே பார்க்கட்டும்.

15 யூன்

இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். "உனக்கு விசரே? தன்ரை பிள்ளை எண்டு அவாவே வைச்சிருந்தா என்ன செய்வாய்?"

அதை நான் யோசிக்கவேயில்லை. அப்படி எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது?

23 யூன்

மாமியும் பயந்துவிட்டா. "நான் வித்து வாங்கத்தானே சொன்னனான்!"

3 யூலை

'என்ரை பிள்ளை' என்று சொல்லாமல் இருக்கப் பழகுகிறேன். நாளுக்குப் பத்துத் தரம் வாயில் வந்து நிற்கிறது.

குளிப்பாட்டும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். படபடவென்று அடிக்கிறது. ஏன் அம்மாளாச்சி, ஓட்டையோடை ஏன் தந்தனி? தந்துபோட்டு ஏன் பயப்பிடுத்துறாய்? அந்த ஒரு பிடி அரிசி குசினியில் போத்தலுக்குள் இருக்கிறது. சமைக்கவும் பயம், எறியவும் பயம்.

15 யூலை, கொழும்பு

"நீங்களோ அம்மா?" என்று வாட்டில் தாதி கேட்டா. 'ஓம்' சொல்லக் கொஞ்சம் பிந்திவிட்டது. அவா நிமிர்ந்து பார்த்தா.

பின்னேரம் இவர் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முகம் கறுத்திருந்தது. "நேற்று நெல்லோடை கோயிலுக்குப் போனனான், நிசா. உனக்குச் சொல்லாமல் வாங்கிப்போட்டு வருவம் எண்டு."

"வாங்கிப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

"வாசல் மட்டும்தான் போனன். வாங்கினால் பிறகு நான்தானே காப்பாத்தவேணும்? என்னாலை ஏலாது. அங்கையே இருக்கட்டும்."

சாமி கும்பிடாத மனுசன். வாட்டு வாசலில் நின்று அழுதார்.

16 யூலை

காலையில் ஒப்பரேசன் தியேட்டர் கதவு வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். தாதி கையை நீட்டினா. ஐயரிடம் கொடுத்ததுபோல இங்கே கொடுக்க முடியவில்லை. என் விரல்களை அவாதான் பிரித்தா.

நம்பிக்கை எண்டு பெரிசாய்க் கதைச்சனான். இப்ப பயம் மட்டும்தான் கிடக்குது. தேவாரம் ஒண்டும் வாயிலை வரேல்லை — நீ பார் — நீயே பார் —

பின்னேரம்

இன்னும் ஒருவரும் வெளியே வரவில்லை.

30 ஓகஸ்ட், வெள்ளி

சிறுபோகம் வெட்டியாயிற்று. புது நெல்லோடும் அந்த ஒரு பிடி அரிசியோடும் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம்.

ஐயர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, சந்நிதியில் இருத்தியிருந்த சாரங்காவைத் தூக்கி நீட்டினார். எனக்குக் கை நீட்டப் பயமாக இருந்தது. வாங்கினால் இனி எல்லாப் பயமும் திரும்ப என்னுடையது. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்க வாய் உன்னியது.

"அம்மா, தூக்குங்கோ" என்றாள்.

வாங்கினேன்.

ஓட விடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். திரும்பி வரும் வழியில் வரம்பில் இறக்கிவிட்டேன். ஓடினாள். குந்தவில்லை. வாய்க்கால் கட்டைத் தாண்டியும் ஓடினாள்.

"என்ரை பிள்ளை, விழப்போறாய், நில்லடி!" என்று கத்திக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.