முன்கதவுக் கண்ணாடி

செவ்வாய், இரவு.

வெயில் பட்டால் என் மனைவி கமலத்தின் தோல் கொப்பளிக்கும். அதற்காகத்தான் காரின் முன்கதவுக் கண்ணாடிகளிலும் கறுப்பு டின்ட் தாள் ஒட்டினேன். இன்று பரிசோதனையில் கார் தேறவில்லை.

"பின்னால கொஞ்சம் இருட்டா இருக்கலாம் சார், முன்னால கூடாது லா. உரிச்சிடுங்க," என்றார் பரிசோதகர். உரித்துவிட்டேன்.

"விடுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். அங்கிள், பாசிர் ரிஸ் போங்க!" என்று டாக்சியில் ஏறியவள்போல் சிரித்தாள் கமலம்.

போன மாதம் காரில் அவள் மயங்கிச் சரிந்தபோது, முன்னால் என் பக்கத்தில் இருந்ததால்தான் கவனித்தேன். அதனால் இன்று வகுப்பில் வருகை எடுப்பதுபோல் ஒவ்வொரு சிக்னலிலும் அவள் பெயரைச் சொன்னேன். "உள்ளேன் ஐயா," என்றாள். சிராங்கூன் சாலையில் பதில் வரவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாளை அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நான்தான் ஓட்ட வேண்டும். நாளையும் அவள் பதில் சொல்லாவிட்டால், தூக்கமா மயக்கமா என்று ஓட்டிக்கொண்டே எப்படித் தெரிந்துகொள்வேன்?