யானைக் காவலுக்கு ஒரு சாமி ரூம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

வயல் காணியில் அனுமதி இல்லாமல் வீடு கட்டக்கூடாது என்பது சட்டம். கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று பயந்து, கேட்காமலே சுவரை இடுப்பளவு உயர்த்தியிருந்தேன். இன்று வயல் காணிகளைக் கவனிக்கும் கமநல அதிகாரி வந்து நின்றார்.

"யானைக் காவலுக்கு ஒரு குடிசைங்க சார்," என்றேன். காட்டு யானைகள் வயலுக்குள் இறங்கும் லக்கலப் பக்கமாக இருந்தால் நம்பியிருப்பார். இங்கே நாங்கள் யானையைப் பார்ப்பதே பெரஹெரா ஊர்வலத்தில்தான்.

அதற்குள் என் மனைவி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். யார் வந்தாலும் புது வீட்டைக் காட்டாமல் அவளால் இருக்க முடியாது. "இது ஹாலுங்க, இது சாமி ரூம். பாத்ரூமுக்கு ரோஸ் கலர் டைல்ஸ் போடப் போறோம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "யானைக்கு ரோஸ் கலர் புடிக்குமா?"

வேலையை நிறுத்தச் சொன்னார். இனிமேல்தான் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இடிக்க வேண்டியதுதான்.

"பேருக்குத்தான் சார் வயல். இதுல தண்ணி நின்னே பல வருஷமாச்சு," என்று கெஞ்சினேன். நாளை காலையில் மறுபடியும் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

சாயந்தரம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. புதுச் சுவர்களுக்குள்ளிருந்து தவளைகள் கத்துகின்றன. ஹாலில் கொஞ்சம்தான். சாமி ரூமில்தான் கூட்டம் அதிகம்.