கிழக்குக் கோடியில் அரை அடி

பாபநாசம்,
5-7-1962

பிரியமுள்ள இன்னாசிமேரிக்கு,

சேசு மரி சூசை துணை. நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

லாரி ஆபீஸ் மூலம் ஒரு சிறு மூட்டை விதை அனுப்பியிருக்கிறேன். புது ஒட்டு மக்காச்சோளம். நாட்டுச் சோளம் போல வீசி விதைக்கக் கூடாது. நெருக்கி நட்டால் விளைச்சல் கூடும் என்று எங்கள் விவசாய ஆபீஸ் அதிகாரி சொல்கிறார். கூடலாம். ஆனால் தண்டு தாங்கி நிற்குமா என்பது என் சந்தேகம். நம் நிலத்தில் பார்த்துவிட ஆசை.

நிலத்தை மூன்று பங்காகப் பிரி. வரிசைக்கு வரிசை இரண்டரை அடி. செடிக்குச் செடி ஒரு பங்கில் ஒரு அடி, அடுத்ததில் முக்கால் அடி, வாய்க்கால் ஓரத்துப் பங்கில் அரை அடி. குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்தபின் ஒன்றைக் கலைத்துவிடு.

கிழக்குக் கோடியில் பாறை ஓரத்தை மட்டும் உழ வேண்டாம். அது தரிசாகக் கிடக்கட்டும். ஏர் ஓட்டும் தங்கசாமியிடம் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
சவரிராயன்

*

எருமப்பட்டி,
22-7-1962

அன்புள்ள மாமாவுக்கு,

இன்னாசிமேரி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் சுகம்.

இந்த நாலு வருஷத்தில் நீங்கள் எழுதியதிலேயே நீளமான கடிதம் இதுதான். சோளத்துக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை, போகட்டும். போன கிறிஸ்துமசுக்கும் வரவில்லை. இந்த வருஷமாவது வருவீர்களா?

நூல் பிடித்து, அடிக்குச்சி வைத்து, நீங்கள் சொன்னபடி நட்டாயிற்று. ஆனால் ஒரு காரியம். கலப்பையோடு தங்கசாமி கிழக்குக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார். "ஏனுங்கம்மா, இத்தன நல்ல மண்ணப் போயி ஐயா தரிசு போடச் சொல்றாரே! ஊரை உட்டுப் போயி மண்ணு மறந்து போச்சுங்களா அவருக்கு?" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை. விதையும் மிச்சம் இருந்தது. அங்கேயும் அரை அடிக்கு ஒன்றாகப் போட்டுவிட்டேன். மற்ற இடத்தைவிட இரண்டு நாள் முன்னாலேயே அங்கே முளைத்துவிட்டது.

கோபிக்க வேண்டாம்.

உங்கள்,
இன்னாசிமேரி

*

பாபநாசம்,
29-7-1962

இன்னாசிமேரிக்கு,

கிழக்குக் கோடியில் முளைத்ததையெல்லாம் பிடுங்கிவிடு. கையால் பிடுங்கு, மண்வெட்டி போடாதே. ஏன் என்று கேட்காதே. மற்ற பங்குகளுக்கு முழங்கால் உயரத்தில் அமோனியா உரம் வைத்து மண் அணைக்கவும்.

சவரிராயன்

*

எருமப்பட்டி,
14-9-1962

அன்புள்ள மாமாவுக்கு,

பிடுங்கத்தான் போனேன். குனிந்து ஒரு பயிரைப் பிடித்தேன். கை வரவில்லை. திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

பயிர் என்னைவிட உயரமாகிவிட்டது. ஒரு அடிப் பங்கில் தண்டு கட்டைவிரலைவிடத் தடிமன். அடிக் கணுவிலிருந்து விழுது மாதிரி வேர் இறங்கி மண்ணைப் பிடித்திருக்கிறது. அரை அடிப் பங்கில் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஏறுகின்றன. தண்டு சுண்டுவிரல் மொத்தம்தான். உள்ளே பட்டப்பகலில் கிணற்றுக்குள் இருப்பது போல் இருட்டு.

கிழக்குக் கோடியில் ஒன்று நடக்கிறது. எழுதலாமா என்று பத்து நாளாக யோசித்தேன். காற்றே இல்லாத மத்தியானத்தில் அங்கே சலசலக்கிறது. போய்ப் பார்த்தால் ஒரு முழ அகலத்துக்குப் பயிர் இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சாய்ந்து தடம் விழுந்திருக்கிறது. வளைவெல்லாம் என் இடுப்புக்குக் கீழே. தடம் பாறையிலிருந்து புறப்பட்டு நம் வீட்டுப் பக்கமாக வந்து, பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் சாய்ந்ததெல்லாம் நிமிர்ந்துவிடுகிறது. அடுத்த தடம் அதைவிட நாலு குழி கிட்டே வருகிறது.

எனக்குப் பிரசவம் பார்த்த வள்ளியாத்தாள் புல்லறுக்க வந்தவள் பார்த்தாள். "நரியுமில்ல, நாயுமில்ல சாமி. இது ரெண்டு கால்ல ஓடுனது. நாலு வயசு இருக்கும்" என்றாள். சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இந்தப் பக்கமே வருவதில்லை.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

இன்னாசிமேரி

*

பாபநாசம்,
20-9-1962

இன்னாசிமேரிக்கு,

அதிசயம் ஒன்றுமில்லை. நெருக்கி நட்ட செடி வெளிச்சத்துக்காக உயர்ந்துவிடும், தண்டு பருக்காது, வேர் ஆழம் போகாது. தன் பாரத்திலேயே சாயும், காற்று வேண்டியதில்லை. பிஞ்சுத் தண்டு மறுநாள் கணுவில் வளைந்து நிமிர்வதும் இயல்பு. தடம் போடுவது நரி. கதிர் பால் பிடித்தால் இன்னும் வரும்.

அந்த மூலையை வெட்டி மாட்டுக்குப் போடு. அரை அடியில் நின்ற பயிர் எப்படியும் ஒரு மழைக்குத் தாங்காது. வள்ளியாத்தாள் பேச்சைக் கேட்காதே. அவள் வேறு ஏதாவது சொன்னாளா? உடனே எழுது.

சவரிராயன்

*

எருமப்பட்டி,
9-10-1962

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று முன்தினம் சாயங்காலம் கொல்லிமலைப் பக்கமிருந்து மழையும் காற்றும் ஒன்றாக வந்தன. மூன்று ஓடு பறந்தது. விடிந்ததும் தங்கசாமியோடு எண்ணினேன். நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட கணக்கு இது. ஒரு அடிப் பங்கில் நூற்றுக்கு நாலு சாய்ந்தது. முக்கால் அடியில் பதினொன்று. வாய்க்கால் ஓரத்து அரை அடிப் பங்கில் நூற்றுக்கு எழுபது அடியோடு படுத்துவிட்டது. பாதிக்குக் கதிரே இல்லை, இருக்கிற கதிரிலும் நுனியில் மணி கட்டவில்லை. முக்கால் அடிதான் நம் மண்ணுக்கு லாயக்கு என்று உங்கள் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

கிழக்குக் கோடியும் அரை அடிதான். அதே விதை, அதே சுண்டுவிரல் தண்டு. அங்கே ஒன்றுகூடச் சாயவில்லை. ஒரு இலை கிழியவில்லை. தங்கசாமி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஒவ்வொண்ணையும் ஆரோ புடிச்சுட்டு நின்னாப்பல இருக்குதுங்கம்மா" என்றார்.

உள்ளே போனேன். கீழ்க் கதிர்கள் மட்டும் மட்டை உரித்துக் கடிபட்டிருந்தன. நரிப் பல் எனக்குத் தெரியும். இது அரிசி அரிசியாகப் பதிந்த பல். ஒரு கதிரைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மாமா, நமக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது என்று சொன்னீர்கள். கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் அடக்கம் செய்ததாகச் சொன்னீர்கள். நேற்றுக் கோயில் உபதேசியாரைக் கேட்டேன். அங்கே யாரையும் வைக்கவில்லையாமே.

எங்கே வைத்தீர்கள்?

இன்னாசிமேரி

*

பாபநாசம்,
15-10-1962

என் இன்னாசிமேரிக்கு,

அரை அடிப் பயிர் அந்தக் காற்றில் நிற்காது. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதில் இதற்குப் பதில் இல்லை. இனி மறைக்க என்னால் ஆகாது.

பிள்ளை செத்துப் பிறக்கவில்லை. பெண். அழுதாள். ஒரு மணி நேரம் போல இருந்தாள். உனக்குக் காய்ச்சலில் நினைவில்லை. உடம்பு நீலம் பாரிக்கவும் வள்ளியாத்தாள் என்னிடம், "சாமி, உங்க மொறையில தண்ணி ஊத்திப் பேரு வெப்பீங்களாமா. காத்திருக்காதீங்க, ஊத்தீருங்க" என்றாள். ஆபத்தில் யார் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று ஞானோபதேசத்தில் படித்தவன் நான். சொம்பைக் கையில் எடுத்தேன். நான் ஊற்றினால் அவள் போகப்போகிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. சொம்பை வைத்துவிட்டு, பங்குச் சாமியாரைக் கூட்டி வருவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது முடிந்துவிட்டது.

"தண்ணி ஊத்துனீங்களா?" என்று உபதேசியார் கேட்டார். இல்லை என்றேன். மந்திரித்த மண்ணில் இடம் இல்லை என்றார். கிழக்குக் கோடியில் நானே குழி வெட்டினேன். ஞானஸ்நானம் இல்லாமல் போனாள் என்று தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்றுதான் செத்துப் பிறந்ததாகச் சொன்னேன். பிறகு அந்த வழியாக நடக்க என்னால் முடியவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் இப்போது வருவது என்னைத் தேடித்தான். நீ பயப்படாதே.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சவரிராயன்

*

எருமப்பட்டி,
20-10-1962

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம். அது இன்னும் போகவில்லை.

எனக்கு நினைவு இருந்தது. நீங்கள் சைக்கிள் எடுக்கிற சத்தம் கேட்டேன். வள்ளியாத்தாள் வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். பிள்ளை என் பக்கத்தில் துணியில் கிடந்தது. சொம்பு தலைமாட்டில் இருந்தது. கை எட்டும் தூரம். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று மூன்று பெயரும் சொல்லி நான் ஊற்றினேன். மரியபுஷ்பம் என்று பெயர் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

நீங்கள் வந்து, பிள்ளை செத்துத்தான் பிறந்தது என்றீர்கள். அழுகையும் தண்ணீரும் காய்ச்சலில் கண்ட கனவு என்று நானே என்னை நம்பவைத்தேன். வள்ளியாத்தாளைக் கேட்டால், "ஐயா சொன்னதுதான் சாமி" என்று குனிந்துகொண்டாள். நாலு வருஷம் என் புத்தியையே நான் சந்தேகித்தேன் மாமா. நீங்கள் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் போதும்.

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். நான் ஊற்றியது செல்லும் என்றார். வருகிற 28-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சம்மதித்தார். இடத்தை நீங்கள்தான் வந்து காட்ட வேண்டும். அதற்கு மேல் நம் இருவருக்குள் என்ன மிச்சம் என்று அப்போது பேசலாம். வராவிட்டால் இனி எழுத வேண்டாம்.

நேற்று மத்தியானம் பயிருக்கு வெளியே நின்று, "மரியபுஷ்பம்" என்று கூப்பிட்டேன். சலசலப்பு சட்டென்று நின்றது. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். இன்று காலையில் ஒரு தடம் பயிரைத் தாண்டிக் களம் வரை வந்திருக்கிறது. ஈர மண்ணில் சின்னப் பாதம் தெரிகிறது. நீங்கள் எழுதியது தப்பு. அவள் உங்களைத் தேடி வரவில்லை.

இப்போது மணி பதினொன்று இருக்கும். நல்ல வெயில். வெளிக்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாளுக்கு ரொம்பக் கீழே, மெதுவாக, உள்ளங்கையால் தட்டுவது போல.

எனக்குப் பயமில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போகிறேன்.

இன்னாசிமேரி