கடப்பாசி உருகாது

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. யன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்பது போல. வாவியில் ஒரு தோணி இல்லை.

பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை. எஸ்தருக்கு நாலு பல்லில் சூத்தை. ஆறு வயதில் நாலு. பல் பார்த்த மிஸ், "ரொஃபி குடுக்கிறத நிப்பாட்டுங்க அம்மா" என்றார். நான் கொடுப்பதே இல்லை என்றேன். நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. நான் கொடுக்கவில்லை என்றால் யார் கொடுப்பது?

பின்னேரம் இவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஜெலி மிட்டாய், மூன்று பைக்கற். "பிள்ள ஆசைப்படுது, அதான்" என்றார். பைக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தேன். முழுக்க இலக்கங்கள். பழம் என்று ஒரு சொல் இல்லை. மூன்றும் குப்பைக்கு.

இனி வீட்டில் செய்வதுதான். போனில் ஒரு செய்முறை பார்த்து வைத்திருக்கிறேன். கடற்பாசித் தூள், பழச்சாறு, தேன். சீனி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

கந்தோர் விட்டு வரும் வழியில், ரவுணில் கேக் சாமான் விற்கும் கடை. "ஜெலி மிட்டாய்க்குப் போடுற கடற்பாசித் தூள் இருக்கா?" கடைப் பெண் பெரிய தகரப் பேணி ஒன்றிலிருந்து அள்ளி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டித் தந்தாள். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகத்தான் நிறுத்தாள்.

தூள் 3 மேசைக்கரண்டி.
மாம்பழம் 2. மருந்தடித்துப் பழுக்க வைத்ததோ தெரியாது. மணந்து பார்த்தேன், பிடிபடவில்லை.
தேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். அடியில் போய் நின்றது. நம்பலாம்.
தேசிக்காய் பாதி.

காய்ச்சி ஐஸ் தட்டில் ஊற்றினேன். மேசையில் வைத்தாலே இறுகிவிடும் என்று போனில் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் ஆகியும் தண்ணீராகவே கிடந்தது. போனில் சொல்கிறவர்கள் எப்போது உண்மை சொன்னார்கள்? ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

ஜூலை 9, புதன்

இறுகிவிட்டது. விரலால் தட்டினால் துள்ளுகிறது. எஸ்தர் ஐந்து தின்றாள். கடை ஜெலி மாதிரியே இருக்கிறதாம். பெருமையாக இருந்தது, இவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பின்னேரம் ஹனா விளையாட வந்தாள். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் காத்தான்குடி. முதல் வீடு பரீதாக்காவுடையது, ஹனா அவருடைய கடைசி மகள். கேட்காமல் கொடுக்கக் கூடாது. படலையில் நின்று கேட்டேன்.

"என்னகா, ஜெலியா? கடை ஜெலி நாங்க குடுக்கிறல்ல ஜெனி. எதுட எலும்ப அரைச்சுப் போடுறானுகளோ."

"கடையில வாங்கல்ல அக்கா. நான் செஞ்சது. கடற்பாசி. உங்கட நோன்புக் கடப்பாசிதான்."

"அப்ப குடு. நீ சொன்னாச் சரிதானே."

ஹனா நாலு தின்றாள். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டியிலும் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

போயா. பௌர்ணமி லீவு. அன்னாசியில் இரண்டாம் தரம். பச்சையாக அரைத்து வடித்த சாறு. காலையிலிருந்து பொழுதுபடும் வரை ஃபிரிட்ஜில். இறுகவே இல்லை. காரணம்:

இவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தது.
அன்னாசிக்காரன் பழத்துக்கு ஊசி ஏற்றியிருப்பது.
குழாய்த் தண்ணீர். இரண்டு நாளாக மருந்து மணம்.

இவரிடம் சொன்னேன். "உமக்கு ஐமிச்சப்பட ஆக்கள் முடிஞ்சு, இப்ப அன்னாசியில வந்து நிக்குதா?" என்றார். சிரிப்பு வேறு.

ஜூலை 12, சனி

பெட்டி திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று. வெறும் பெட்டி.

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். பரீதாக்கா வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் வெறுமையாகத் திரும்பியதில்லை. வட்டிலப்பத் துண்டு, வாழைப்பழம், ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. நானும் அப்படித்தான் அனுப்புவேன். இன்று ஒரு இலைகூட இல்லை. மூடியைத் திறந்து இரண்டு தரம் பார்த்தேன்.

ஹனா படலைக்கு வெளியே நின்று நீட்டினாள். எஸ்தர், "ஜெலி தரட்டா?" என்று கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உம்மா சுறுக்கா வரச் சொன்ன." ஓடிவிட்டாள்.

சரி. விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சாப்பாடு இப்போது ஆகாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நத்தாருக்கு நான் அனுப்பிய கேக்கைத் தின்றார்களா, கோழிக்குப் போட்டார்களா? முந்தின வருடக் கேக்? அதற்கும் முந்தியது? குசினிக்குள் நின்று அழுதேன். எஸ்தர் பார்க்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் அயலாரைப் பற்றி. போதகருக்கும் யாராவது சொல்லியிருப்பார்களோ?

திரும்பி வரும்போது பரீதாக்கா வாசலில் நின்றார். நேராகவே கேட்டேன். "ஹனாவுக்கு எங்கட வீட்டுச் சாமான் ஏன் வேணாம்?"

அவர் உள்ளே போய் ஹனாவின் சட்டையொன்றைக் கொண்டுவந்தார். சட்டைப் பை கூழாகி, காய்ந்து ஒட்டிப்போய்க் கிடந்தது.

"ரெண்ட ஒளிச்சு வெச்சிருக்கா. உருகி ஓடிட்டு."

"வெயில்தானே அக்கா."

"கடப்பாசி உருகாதுகா. முப்பது நோன்புக்கும் காய்ச்சுறவ நான். வெயில்ல தண்ணி விடும், சுருங்கும். உருகாது. அந்தத் தூள் வந்த பொட்டி இருக்கா?"

பொட்டி. சாட்சி கேட்கிறார்.

"நான் பொய் சொல்லுறன் எண்டுறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல்ல" என்றார். சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வந்து கதவை அடித்துச் சாத்தினேன். அவர் சொன்னது பிழை என்று காட்ட, ஃபிரிட்ஜில் மிஞ்சியிருந்த மாம்பழ மிட்டாய் ஒன்றைச் சாசரில் போட்டு யன்னலில் வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். பதினைந்து நிமிடம். சாசரில் சாறுதான் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

மதியம் கந்தோரில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். "அந்தப் பேணியக் காட்டுங்க." காட்டினாள். ஆங்கிலத்தில் பெரிதாக ஒரே ஒரு சொல். ஜெலட்டின்.

"நான் கடற்பாசி எண்டுதானே கேட்டன்?"

"ஜெலி மிட்டாய்க்கு எண்டீங்க அக்கா. இஞ்ச வாறாக்கள் ரெண்டையும் கடற்பாசி எண்டுதான் கேக்கிற. நான் ஜெலிக்குள்ளதத் தந்தன்." பிறகு, "அன்னாசி போட்டீங்களா? பச்சை அன்னாசி போட்டா இது இறுகாது."

"இது என்னத்துல செய்யிற?"

"எலும்பு, தோல்."

"எதுட? மாடா, பண்டியா?"

பேணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "போட்டில்ல அக்கா."

தராசைப் பார்த்தேன், பேணியைப் பார்க்கவில்லை. மாம்பழம், தேன், குழாய்த் தண்ணீர், இவர், அன்னாசிக்காரன், பரீதாக்கா, போதகர். ஒருவரையும் விடவில்லை. என் கையால் அள்ளிப் போட்ட தூளை மட்டும் விட்டுவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

உண்மைக் கடற்பாசி வேறு தட்டில் இருந்தது. பைக்கற்றில், படம் போட்டு. ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை வந்தது. இந்தப் பைக்கற்றை வெட்டி, மூன்று கரண்டி எடுத்து எறிந்துவிட்டு, இதுதான் போட்டேன் என்று காட்டினால்? உருகியதற்குத் தேன் கூடிப்போனது காரணம் என்று சொல்லலாம். நல்ல பொய். எங்கே திருப்பிப் பார்த்தாலும் ஓட்டை இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டேன். வெட்டவில்லை. எறியவும் இல்லை. அலுமாரிக்குள் வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பைக்கற்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கையில் இருந்தால் வாய் மாறிவிடும்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "அது கடற்பாசி இல்ல அக்கா. ஜெலட்டின். மாடா பண்டியா எண்டு தெரியா. ஹனா நாலு திண்டவ. பெட்டியில தந்துவிட்டதும் அதுதான்."

பரீதாக்கா தலைச் சீலையை இழுத்து விட்டுக்கொண்டார். "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"சட்டப் பைக்குள்ள கைய வெச்ச உடனேயே. பெட்டியில மிஞ்சினத மண்ணுக்குள்ள தாட்டுட்டுத்தான் கழுவி அனுப்பினன். நீ வந்து சொல்லுவியா, இல்லாட்டி வேற பொட்டி ஒண்டக் கொண்டுவந்து காட்டுவியா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

அலுமாரியில் இருக்கும் பைக்கற்றைப் பற்றிச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

"தெரியாமத் திண்டதுக்குப் புள்ளைய அல்லாஹ் ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பி நடந்து ஒழுங்கையைக் கடக்கும்போதுதான் கூப்பிட்டார்.

"சனிக்கிழம நாலு மணிக்கு வாறன். நான் காய்ச்சுறன், நீ பாத்துக்கிட்டு நில்லு. சட்டி நான் கொண்டு வாறன்."

சட்டி. என் சட்டி ஆகாது. ஆகாதுதான், அதில் எது காய்ந்தது என்று எனக்கே தெரியாதே. இருந்தாலும் நெஞ்சில் தைத்தது. வந்து அந்தச் சட்டியை மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. மாம்பழம் 3, கழுவி வைத்தாயிற்று, வெட்டவில்லை. கத்தியும் கொண்டுவருவாரோ என்னவோ. கடற்பாசிப் பைக்கற்றை வெட்டாமல் மேசையில் வைத்தேன். எஸ்தர் படலையில்.

4.10. காணவில்லை.

4.20. வரமாட்டார். எனக்கு முதலே தெரியும். வாறன் என்றது ஒரு மரியாதைக்கு. அப்படியே வந்தாலும் தனியாகத்தான் வருவார், பிள்ளையை இனி இந்தப் பக்கம் விடமாட்டார். இவரிடம் சொன்னேன். "கொஞ்சம் பொறுமன்" என்றார். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

4.30. படலைச் சத்தம். பரீதாக்கா. ஒரு கையில் சட்டி. மற்றக் கையில் ஹனாவின் கை.