காலை ஊன்றக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? அடுப்படியில் முணுமுணுத்தாலும் கட்டிலில் இருக்கிற உன் அண்ணன் காதில் விழுந்துவிடும். இருக்கிற ஒரே போனும் இவர் தலைமாட்டில்தான். அதனால்தான் தையல் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

பெயிண்ட் அடிக்கும்போது இவர் சாரத்திலிருந்து விழுந்ததும், குதிகால் எலும்பு நொறுங்கியதும் உனக்குத் தெரியும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்று டாக்டர் காத்திருக்க வைத்தார். இவரோ, "உன் முகத்துல வர்ற சுருக்கம் என் கால்ல வர மாட்டேங்குதே" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டு கிடந்தார். பிறகு தகடு வைத்து, திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். பீடியை விட்டால்தான் காயம் ஆறும் என்றதும் விட்டுவிட்டார், அதைச் சொல்ல வேண்டும். பீடி போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில், 'மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது' என்று எழுதியிருந்தது. நான் வேலைக்கு வந்ததும் இவர் மத்தியானங்களில் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார். ஒருநாள் சீக்கிரம் போய்க் கையும் களவுமாகப் பிடித்தேன். "காலைலதானே ஊனக் கூடாதுன்னு போட்டிருக்கு? இது மத்தியானம்தானே" என்றார். நிஜமாகவே அப்படிப் புரிந்துகொண்டாரா, என் தலையில் மிளகாய் அரைத்தாரா, இன்றுவரை தெரியவில்லை. நானும் சிரித்துத் தொலைத்தேன். டாக்டரும் கேட்டுச் சிரித்தார். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு திருகாணி நகர்ந்திருக்கிறது. இன்னொரு தடவை ஊன்றினால் மறுபடி அறுக்க வேண்டுமாம்.

இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். எலும்பு கூடினாலும் பாதம் முன்போல் பக்கவாட்டில் திரும்பாதாம். சமதரையில் நடக்கலாம்; ஏணி, சாரம் எல்லாம் இனி வேண்டாம் என்றார். இவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடக்க இவருக்கு ஏன் இந்த அவசரம் என்கிறாயா? போன தடவை நீ பேசும்போது, "உனக்கு இங்க பெயிண்ட் வேலைக்கு ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேண்ணே, கால் சரியானதும் கிளம்பி வா" என்றாயாம். பாசத்தில் சொன்னாய், தப்பில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. வீட்டில் இவரைக் குளிக்க வைத்து, எல்லாம் கைக்கெட்டும்படி எடுத்து வைத்துவிட்டு வந்தால், மிஷினில் உட்கார்ந்தும் அந்தக் கால் கட்டிலில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்றே நினைப்பு. துணி கோணலாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நான் சொன்னால் எரிந்து விழுகிறார். நீ சொன்னால் நம்புவார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்று போன் செய்து சொல்லிவிடு. பொய்தான். உன்னைத் திட்டுவார், கொஞ்ச காலம் பேசாமலும் இருப்பார். எனக்காக அதைத் தாங்கிக்கொள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீயும் சாரத்தில் நிற்கிறவன்தான். பெல்ட் மாட்டாமல் ஏறாதே. ஏறுகிற ஒவ்வொரு நாளும் நீ படி வழியாகவே இறங்கி வர வேண்டும்.

உன் அண்ணி