எல்லா வீட்டிலும் ஓடுகிற சீடி

அக்கா,

நேற்று மலர் உன் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஜிப்பைத் திறந்ததும் பூஞ்சை பிடித்த ரெக்ஸின் வாசனை. தோள்பட்டை வாரில் உன் தேங்காய் எண்ணெய் வாசம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் நீ சுற்றி வைத்தபடியே கிடந்தன. ரப்பர் பேண்ட் மட்டும் கை பட்டதும் அறுந்துபோயிற்று.

"மாமா, இந்த டேப்பெல்லாம் என் போனுக்கு மாத்திக் குடு. அம்மா குரல் எதுலயாச்சும் கீதான்னு பாரு" என்றாள் உன் மகள்.

நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. உன் குரல் இருப்பது ஒரே ஒரு டேப்பில்தான். அது எந்த டேப் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

மற்ற எதிலும் நீ பேசியதில்லை. காதுகுத்து, சீமந்தம், கடப்பாக்கம் கோட்டைக்குப் போன பிக்னிக், எல்லாவற்றையும் நீதான் எடுத்தாய். எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டாய். "மைக்கு என் வாய்கிட்ட கீது. நான் பேசினா என் சத்தந்தான் பெருசா வுழும், அவுங்க பேசறது கேக்காது" என்பாய். எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள். உனக்கு மட்டும் சத்தத்தின் மேல்தான் கவனம்.

அப்போது நான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். டேப்பைக் கொடுத்தால் சீடியில் போட்டுத் தருகிற இடம். நமக்குள் சண்டை வராத நாளில்லை. விசிடியில் போட்டால் எந்த வீட்டுப் பிளேயரிலும் ஓடும். ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். டிவிடியில் கண்ணாடி மாதிரி தெரியும்; அந்தப் பிளேயர் நம் சொந்தத்தில் எவன் வீட்டில் இருந்தது? கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிற புது ஃபார்மட் ஒன்று வந்திருந்தது. சின்னதாகவும் சுருங்கும், தெளிவாகவும் இருக்கும். அதில் போடலாம் என்று நான் தலைகீழாக நின்றேன். உலகமே முன்னால் போகிறது, நீ மட்டும் விசிடியைக் கட்டிக்கொண்டு அழு என்று கத்தினேன். ஒரு தடவை கோபத்தில் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நீ அசையவில்லை. "பாக்கறவன் வூட்ல ஓடாத படம் இன்னாத்துக்குடா? நீயும் நானும் வச்சி அழகு பாக்கவா?" என்றாய். விசேஷம் முடிந்த கையோடு உன் சீடி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடும். உன் மாமியார் வகையறாவுக்குக்கூடத் தவறாது.

அப்படித்தான் ஒரு மத்தியானம் ஒரு டேப்பைக் கொண்டுவந்து நீட்டினாய். "மலர் ஆடனது. நீயே போடு. ஹெட்போன மாட்டிக்கோ." சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாய். டேப்பை ஏற்றுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. எவ்வளவு நேரம் எடுத்தாயோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் ஆக வேண்டும்.

கேமராவை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாய். மலர் பச்சைப் பாவாடையில் ஆடுகிறாள். நீ கை தட்டி ஜதி சொல்கிறாய், நடுவில் சிரிக்கிறாய். கதவு திறக்கிற சத்தம். அப்புறம் உன் புருஷன் குரல். சோறு ஆறிப்போனதற்காம். முதல் அறை விழுந்தபோது ஹெட்போனுக்குள் என் காதே எரிந்தது. உன் தலை ஃப்ரிட்ஜில் மோத, கேமரா சாய்ந்தது. "கேமராவ நிறுத்துடி" என்கிறான். "நிறுத்த மாட்டேன்" என்கிறாய். அதற்கு ஒரு உதை. "அப்பா வாணாம்" என்று மலர் அலறுகிறாள். மறுபடி உதை. என்னைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். நீ பெஞ்சிலிருந்து எழுந்து "டேய், டேய்" என்று கத்தியது கேட்டது. நான் நிற்கவில்லை. பஸ் ஏறிப் போய் நின்றபோது, சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்ஸை விட்டு அவன் இறங்கினான். அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, வாயிலேயே குத்தினேன். ஒரு பல் உடைந்து விழுந்தது. என் கை முட்டி கிழிந்து ரத்தம் சொட்டியது. இன்னொரு பல்லையும் எடுத்திருப்பேன், நாலு பேர் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நீ திட்டியும் வருத்தப்படவில்லை.

ஆனால் அவனுக்கு அது வசதியாகப் போயிற்று. அன்றைக்கே மலரைத் தூக்கிக்கொண்டு போய்த் திருவிடந்தையில் அவன் அம்மா வீட்டில் வைத்துக்கொண்டான்; நீ என் வீட்டோடு வந்துவிட்டாய். குழந்தை வேண்டுமானால் அக்காளும் தம்பியும் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், நீ அவனோடே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லியனுப்பினான். உனக்கு வேண்டியது மலர் மட்டும்தான். மலர் இல்லாமல் நீ சாப்பிடவில்லை, தலை சீவவில்லை.

பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சென்டருக்கு வந்தாய். இதையாவது தெளிவாகப் போடலாம், என் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"அவுங்க வூட்ல இன்னா கீது?"

"பழைய விசிடி பிளேயர்தான்."

"அப்போ விசிடி. எப்பவும் போல எல்லா வூட்டுக்கும் ஒண்ணு போடு."

"மூஞ்சியே தெரியாதுக்கா. அவன் அடிக்கறதே தெரியாது."

"தெரியாட்டி போவுது. போடு."

மனசே இல்லாமல் போட்டேன்.

திருவிடந்தையில் அந்தக் கூடம் நிறைய ஆட்கள். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. மலரை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அவன் வீங்கிய வாயோடு நடுவில் உட்கார்ந்திருந்தான். நீ சீடியைப் போட்டாய். நான் பயந்ததேதான் நடந்தது. சாய்ந்த படத்தில் கட்டம் கட்டமாக ஏதோ இரண்டு உருவம் அசைந்தது. டிவி சத்தமே கேட்காதபடி கூடத்தில் பேச்சு எழுந்தது. அவன் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல இன்னாம்மா தெரியுது? ஏதோ கை கால் ஆடுது. இங்க புள்ளைக்குப் பல்லே போயிருச்சி, அது கண்ணுக்குத் தெரியுது."

நீ எழுந்தாய். கொடியில் கிடந்த துண்டை எடுத்து டிவி மேல் போர்த்தினாய். சத்தத்தை முழுவதும் ஏற்றி, முதலிலிருந்து போட்டாய்.

"பாக்க வாணாம் பெரியப்பா. கேளுங்க."

உன் ஜதி. உன் சிரிப்பு. கதவு. அவன் குரல். அறை. படத்தைத்தான் விசிடி கடித்துத் துப்பியிருந்தது, சத்தத்தை அது தொடவில்லை. ஒவ்வொரு அடியும் அந்தக் கூடத்திலேயே விழுந்தது. மலர் துண்டுக்கு அடியிலிருந்து "அப்பா வாணாம்" என்றதும், சாத்திய அறைக்குள்ளிருந்து நிஜ மலர் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவன் பாய்ந்து பிளேயரிலிருந்து சீடியைப் பிடுங்கி இரண்டாக உடைத்தான். விளிம்பு அவன் உள்ளங்கையைக் கிழித்தது. தரையெல்லாம் ரத்தம். அதே கையை உன் மேல் ஓங்கினான். நான் எழுந்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டி உட்கார வைத்தாய்.

"ஒடச்சிக்கோ. உன் சித்தப்பா வூட்ல ஒண்ணு கீது. உன் அத்த வூட்ல ஒண்ணு கீது. காலையிலேயே குடுத்துட்டுதான் வந்தேன். எல்லா வூட்லயும் ஓடும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்போது அவன் அம்மா எழுந்தார். மகனின் ரத்தத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். மலரைத் தூக்கிவந்து உன் இடுப்பில் வைத்தார். "இட்டுகினு போ. திரும்பி வராத" என்றார்.

வரும்போது பஸ்ஸில் என்னைத் திட்டித் தீர்த்தாய். பல்லை உடைத்ததற்கு. மலர் உன் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

நேற்று அந்த டேப்பைத்தான் போட்டேன். வேறு வழியில்லை. "போனுக்குச் சுருக்கினா அம்மா குரல் போயிடுமா?" என்று மலர் கேட்டாள். படம்தான் போகும், குரல் போகாது என்றேன். உன்னிடம் கற்றதில் மிச்சம் இருப்பது இதுதான். இன்றைக்கும் யார் எந்த வீடியோவைக் கொடுத்தாலும் முதலில் கண்ணை மூடிக் கேட்கிறேன்.

நீ கை தட்டினாய். சிரித்தாய். மலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்து கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று பட்டனில் விரலை வைத்தேன்.

மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாத மாமா. அம்மா நிறுத்தலையே."