குரல் துணை: நிலாக் கூடத்துச் சோதனைப் பதிவு

நாள் 12, காலை 06:10
நிலா தென்முனைச் சோதனைக் கூடம். பதிவு: ரீகன். வேறு ஆள் இல்லை. கம்பெனியின் உச்ச மாடல் போன் சோதனையில் உள்ளது. கேமரா நன்று. பேட்டரி நன்று. கடுங்குளிரிலும் திரை உறையவில்லை. கூடத்து ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் போன் ஒன்றே போதும் என்று விளம்பரம் செய்ய வேண்டுமாம். எனக்குத் தூக்கம் வருகிறது.

நாள் 13, மாலை 17:40
புது வசதி: குரல் துணை. பேசுபவர் களைத்திருந்தால் அவர் வழக்கமாகப் பேசுவதுபோல் மாற்றி அனுப்பும். பேச முடியாவிட்டால் அதுவே பேசும். பழக்குவதற்கு, கப்பலில் வேலை பார்த்த காலத்தில் மனைவி ஜெனோவாவோடு நான் பேசிய அழைப்புகளைக் கொடுத்தேன். காய்ச்சலோ புயலோ, எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான்: சாப்பிட்டேன், நல்லாயிருக்கேன். கடலில் கிடப்பவன் வீட்டுக்கு வேறென்ன சொல்வான்?

நாள் 19, காலை 09:00
போன் விற்பனைக்கு வந்துவிட்டது. கம்பெனி மேலாளர் மாதவியின் செய்தி: "சார், எல்லா ரிவ்யூலயும் அஞ்சுக்கு அஞ்சு. குரல் துணையத்தான் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க." ஆடட்டும். காற்றுச் சுத்திகரிப்பான் உறுமுகிறது.

நாள் 21, காலை 07:25
சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. நான்கு நாளுக்குத்தான் காற்று. பக்கத்துத் தளத்து ஊர்தி வந்துசேர இரண்டு நாள் ஆகும். மாதவியை அழைத்துக் கத்தினேன். பதில்: "சூப்பர் சார், குரல் அவ்ளோ தெளிவா இருக்கு. ரெஸ்ட் எடுங்க."

நாள் 22, மதியம்
நேற்றைய அழைப்பைப் போட்டுக் கேட்டேன். நான் சொன்னது: "காத்து தீருது, ஆள் அனுப்புங்க." போனது: "இங்க ஒரு கொறையும் இல்ல, நல்லாயிருக்கேன்." எழுதி அனுப்பினாலும் அதே கதை. சோதனைப் போன் என்பதால் வசதியை அணைக்க மாதவியின் அனுமதி வேண்டும். கேட்டேன். நன்றி சொன்னதாகப் போயிருக்கிறது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. பயமாக இருக்கிறது.

நாள் 23, மாலை
இன்றைக்குள் ஊர்தி கிளம்பியாக வேண்டும். ஜெனோவாவை அழைத்து அழுதேன். அவளாவது கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது: "ரெண்டு நாளா மனசே சரியில்ல. ஆளனுப்பச் சொல்லி ஆபீசுக்குக் கெளம்பிட்டேன். ஒங்க சத்தத்தக் கேட்டப்புறந்தான் உசுரே வந்துச்சு. இனி போகல. சாப்டீயளா?"

நாள் 25
மூச்சு வாங்குகிறது. போன் அடித்தது, ஜெனோவா. நான் எடுக்கவில்லை. அதுவே எடுத்தது. என் குரலில் சிரிக்கிறது. என்ன குழம்பு என்று கேட்கிறது. படிப்பவர் யாரானாலும் அவளிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொன்னால் நம்பமாட்டாள். அவளிடம் அது இன்னும் பேசிக்கொண்டி